சிஸ்டர் கலாவுக்குத் தெரிந்த பெயர்

சிஸ்டர் கலா கொலைகாரனைப் பாதியிலேயே சொல்லிவிடுவார். வெள்ளிக்கிழமை மாலைகளில், சிட்னி மெரிலேண்ட்சில் அவருடைய கன்னியர் சபை வைத்திருந்த செங்கல் வீட்டின் முன்னறையில் இருந்து நாங்கள் மூன்று பேர் அந்தப் பிரிட்டிஷ் தொடரைப் பார்ப்போம்: நான், அவர், எண்பத்தெட்டு வயதான சிஸ்டர் மோரின். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். வாரம் ஒரு கொலை. அதைத் துப்புத் துலக்க ஒரு கன்னியாஸ்திரி. பொலிஸ் திணறும், அந்த அம்மா கேக் சாப்பிட்டபடியே கண்டுபிடிப்பார்.

"அந்த மருந்துக்கடைக்காரன்தான்" என்பார் சிஸ்டர் கலா, இரண்டாவது விளம்பரம் வரமுதலே.

"எப்பிடிச் சிஸ்டர்?"

"ஒருத்தரும் கேக்காமலே தான் எங்க நிண்டனான் எண்டு சொன்னான் பாரும். முப்பது வருசம் கணக்குப் படிப்பிச்சனான், பூசணி. பிள்ளையள் சொல்லுற பொய் எல்லாம் ஒரே அச்சுத்தான்."

என் பெயர் நாகபூசணி. அதை வெட்டிக் காய்கறி ஆக்கியவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். நான் கோபிக்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் எனக்கு ஒருவர் பட்டப்பெயர் வைத்தால் அது கொடுப்பினை.

"இவ்வளவு கொலை விழுந்தும் அந்த ஊரில வீட்டு விலை குறையேல்லைப் பாரும்" என்பார். "சிட்னிக்காரர்தான் வாங்குவினம் போல." சிஸ்டர் மோரினுக்கு இதை ஆங்கிலத்தில் சொன்னால் அவர் சிரித்து இருமி, இருமல் நிற்கும்வரை நாங்கள் தொடரை நிறுத்திவைப்போம்.

சிஸ்டர் கலா இந்தச் சித்திரை மாதம் இறந்துபோனார். அறுபத்தெட்டு வயது. காரை வீட்டு வாசலில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, அப்படியே இருந்திருக்கிறார். நெஞ்சுவலி. கைப்பிரேக்கை இழுத்தாரே, அது அவர்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். செத்தவீட்டில் பேசிய பாதிரியார் அவரைச் சாந்தமான ஆத்மா என்றார். இந்தப் பாதிரியார் அவரோடு ஒருநாளும் காரில் போனதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சாந்தமான ஆள் இல்லை அவர். மன்னாரில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் ஒரு கன்னியர்மடப் பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். படகில் வந்த பிள்ளைகளோடு தமிழில் கதைக்க ஆள் வேண்டும் என்று 2010இல் சபை அவரைச் சிட்னிக்கு அனுப்பியது. வந்த முதல் கிழமையே தடுப்பு முகாமில், பார்வையாளர் நேரம் முடிந்தது என்று சொன்ன காவலாளியிடம் சுவர்க் கடிகாரம் ஆறு நிமிடம் முந்தி ஓடுகிறது என்று நிரூபித்தாராம். சாம்பல் பாவாடை, ஓட்டச் சப்பாத்து, தலையில் முக்காடு இல்லை. சமையல் வராது, பருப்பைக்கூட எரிப்பார். யாராவது அழுதால் பிடிக்காது. "அழுது முடிச்சிட்டுப் போன் எடும். படிவத்தை நிரப்புவம்" என்பார். எத்தனையோ பேருடைய படிவங்களை அவர்தான் நிரப்பினார். எத்தனையோ பேரின் பிள்ளைப்பேற்றுக்கு, கணவன்மாருக்கு முன்பே ஆஸ்பத்திரியில் போய் நின்றார்.

நான் வேதக்காரி இல்லை, சைவக்காரி. ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் போவேன். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப்பேர் அப்படித்தான். முருகனுக்கு வெள்ளி, அந்தோனியாருக்குச் செவ்வாய். தேவாலயத்தின் பின்மண்டபத்தில் முப்பது நாற்பது பேர் கூடுவோம். மன்றாட்டை ஒரு துண்டில் எழுதிப் பெட்டியில் போடவேண்டும். சிஸ்டர் கலா ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார்; எல்லாரும் சேர்ந்து பதில் சொல்லுவோம்.

துண்டு எழுதுவதில் எங்கள் சனத்திடம் ஒரு பழக்கம் உண்டு. புனிதருக்கு விளக்கமாகச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அருள் வேறு யாருடைய வீட்டுக்காவது போய்விடும். "என் மகள் ராகவிக்கு" என்று எழுதினால் போதாது. எந்தத் தெரு, எந்த யூனிவர்சிட்டி, எத்தனையாம் முறை எழுதுகிற பரீட்சை, எல்லாம் வரும். சிஸ்டர் சிரிப்பார். "அந்தோனியார் தபால்காரன் இல்லையப்பா" என்பார். வாசிக்கும்போது தேவையில்லாததை வெட்டிவிட்டு வாசிப்பார். அதை நம்பித்தான் நாங்களும் எழுதினோம்.

மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு செவ்வாய்க்கிழமை நான் இப்படி எழுதினேன்: "மெரிலேண்ட்சில் பள்ளிக்கூடம் ஒன்றில் இரவில் துப்புரவு வேலை செய்யத் தொடங்கியிருக்கும், வேலை அனுமதி இல்லாத தம்பி லதீசை ஒருவர் கண்ணிலும் படாமல் காத்தருளும்."

லதீஸ் 2012இல் படகில் வந்தவன். வந்தபோது பத்தொன்பது வயது. அவனுக்கு இருந்தது ஒரு தற்காலிக விசா. அதில் வேலை செய்யக்கூடாது. வேலை செய்யாமல் எப்படிச் சாப்பிடுவது என்று விசாக் கடிதத்தில் எழுதியிருக்கவில்லை. அவனை எங்கள் வீட்டுக்கு முதன்முதல் கூட்டிவந்தவர் சிஸ்டர் கலாதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் எங்களோடு சாப்பிடுவான். மீன்குழம்பின் அடிச்சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டி, "அன்ரி, இதை ஒருத்தருக்கும் குடாதேங்கோ" என்பான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்குமேல் எழுதத் தேவையில்லை.

அன்று சிஸ்டர் கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டு வந்திருந்தார். துண்டுகளைத் தூரப்பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். வெட்டி வாசிக்க முதலில் முழுதும் கண்ணில் படவேண்டும் அல்லவா? என் துண்டை ஒரு சொல் விடாமல் வாசித்துவிட்டு, கடைசிச் சொல்லில்தான் நிமிர்ந்தார். மண்டபம் பழக்கத்தில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது. அந்த நேரம் பார்த்து நிரஞ்சினி எழும்பி வெளியே போனாள்.

இரண்டு கிழமையில் லதீசைக் குடிவரவு அலுவலகத்துக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போனவன் திரும்பவில்லை. நேரே தடுப்பு முகாம். யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்கள் என்று அங்கே சொன்னார்களாம்.

யார் என்பதில் எங்கள் ஆட்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நிரஞ்சினி மெரிலேண்ட்சில் ஒரு சின்ன அழகு நிலையம் வைத்திருக்கிறாள். நூலால் புருவம் எடுப்பதில் கெட்டிக்காரி. முதல் வருடம் லதீஸ் அவளுடைய வீட்டில் ஒரு அறையில் இருந்தான். ஏதோ வாக்குவாதம் வந்து அவள் அவனைப் போகச் சொன்னாள். அந்தச் செவ்வாய் துண்டு வாசித்தபோது எழும்பிப் போனவளும் அவள். போதாதா? மகள் பள்ளிக்கூடத்தில் காய்ச்சலாக இருக்கிறாள் என்று போன் வந்தது, அதுதான் போனேன் என்று அவள் சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை. நான் நம்பவில்லை. கடைக்குப் போவதை நிறுத்தினேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்தினார்கள். முருகன் கோயில் தேர்முட்டியில் ஒருமுறை எதிரே வந்தாள். "அக்கா" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆனால் அவளைவிட என்னைத்தான் நான் குற்றம் சொன்னேன். எழுதியது நான். விலாசம் கொடுத்தது நான். பதினொரு மாதம் தடுப்பில் இருந்துவிட்டு லதீஸ் களைத்துப்போய், திரும்பிப் போகிறேன் என்று கையெழுத்து வைத்தான். இப்போது வவுனியாவில் ஒரு இரும்புக்கடையில் நிற்கிறான். அவன் போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஞாயிறு மத்தியானத்துக்கு மீன் வாங்குவதில்லை. "நீர் வேணுமெண்டு செய்தனீரோ?" என்று என் கணவர் கௌரிசங்கர் சொல்லுவார். சொல்லிவிட்டுப் பின்வளவுக்குப் போய்விடுவார். என் துக்கம் பொறுக்காமல் போகிறார் என்று நினைத்தேன்.

சிஸ்டர் அதற்குப் பிறகு துண்டுகளைச் சத்தமாக வாசிக்கவில்லை. பெட்டியை அப்படியே பீடத்தில் வைத்துவிடுவார். ஆனால் வெள்ளிக்கிழமைகள் நிற்கவில்லை. அவருக்குப் பக்கத்தில், அதே சோபாவில், கிட்டத்தட்ட மூன்று வருடம் இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. தொடரில் வழக்கம்போல் எல்லாரையும் ஒரு அறைக்குள் கூட்டி, அந்தக் கன்னியாஸ்திரி கொலைகாரனைச் சுட்டிக்காட்டினார். அவனுடைய மனைவி பக்கத்தில் தேநீர்க் கோப்பையோடு இருந்தாள். கோப்பையை மெல்லத் தட்டில் வைத்தாள். அவ்வளவுதான், அடுத்த காட்சியில் பூந்தோட்டம், குருவிச் சத்தம், பாட்டு.

"இவவுக்கு என்ன, சொல்லிப்போட்டுப் போயிடுவா" என்றார் சிஸ்டர் கலா. "அந்தப் பொம்பிளை இனி ஆரோட இருந்து தேத்தண்ணி குடிப்பா?"

நான் கேட்டேன். "சிஸ்டர், இவ்வளவு கெட்டிக்காரி நீங்கள். லதீசின்ர விசயத்தில ஆர் எண்டு உங்களுக்கு ஒண்டும் பிடிபடேல்லையோ? நிரஞ்சினிதானே?"

அவர் ரிமோட்டைத் தேடினார். அது அவர் மடியிலேயே கிடந்தது.

"தெரியாது, பூசணி" என்றார்.

"என்ர துண்டாலதானே சிஸ்டர் அவன் போனான்?"

"நீர் அதையே நினைச்சுக்கொண்டிராதையும். பிஸ்கட் எடும்."

இல்லை என்று அவர் சொல்லவில்லை. இதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

செத்தவீட்டுக்குப் போய்வந்த அன்று பின்னேரம், குசினிக் கதிரையில் இருந்து நான் அழுதுகொண்டிருந்தேன். சேலைகூட மாற்றவில்லை. கௌரிசங்கர் கேத்திலைப் போட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் நின்றார்.

"என்ர பிழையை அவ ஒருநாளும் எனக்குச் சொல்லிக் காட்டேல்லை" என்றேன். "என்னால ஒரு பிள்ளையின்ர வாழ்க்கை போச்சு. ஒரு சொல் சொல்லேல்லை அவ."

"அவ எப்பிடிச் சொல்லுவா?" என்றார் அவர். "அவவுக்குத் தெரியும்தானே உம்மட பிழை இல்லை எண்டு."

கேத்தில் கொதித்து நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் தேயிலைப் பேணியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"இஞ்சாருங்கோ. என்ன தெரியும் அவவுக்கு?"

பிறகு எல்லாம் வந்தது, ஒழுங்கில்லாமல்.

அவரும் துப்புரவு ஒப்பந்தத் தொழில்தான் செய்கிறார். நாலு பேர் அவரிடம் வேலை. நார்த்மீட்டில் ஒரு முதியோர் இல்லத்தின் வேலை அவருக்குக் கிடைக்காமல் வேறொருவனுக்குப் போனது. அந்த ஆள் அனுமதி இல்லாதவர்களை வைத்துக் குறைந்த கூலிக்கு வேலை வாங்குகிறான் என்று அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேசையில் இருந்து சாப்பிட்டபடி லதீஸ்தான் சொன்னான். அவன் அப்போது அங்கேதான் வேலை செய்தான்.

"முதலாளியைத்தான் பிடிப்பினம் எண்டு நினைச்சன். சத்தியமா. அவனை நான் குறிவைக்கேல்லை."

"அப்ப லதீசின்ர பேர் எப்பிடி அவைக்குப் போனது?"

"ஒரு பேரெண்டாலும் வேணும் எண்டு கேட்டவை. எனக்கு வேற ஒருத்தற்ற பேரும் தெரியாது."

எனக்கு வேறு யாருடைய பெயரும் தெரியாது. இந்த வசனத்தைத்தான் இன்னும் விழுங்க முடியவில்லை.

நான் துண்டு எழுதும்போது லதீஸ் முதியோர் இல்லத்தை விட்டு விலகி இரண்டு கிழமை. பள்ளிக்கூட வேலைக்கு மாறியதை எனக்கு மட்டும் போனில் சொல்லியிருந்தான். என் கணவருக்குத் தெரியாது. நான் எழுதியது பள்ளிக்கூடம். சிஸ்டர் வாசித்தது பள்ளிக்கூடம். மண்டபத்தில் இருந்த நாற்பது பேரும் கேட்டது பள்ளிக்கூடம். ஆனால் லதீசின் வழக்கறிஞருக்குக் கிடைத்த தாளில், முறைப்பாட்டில் சொல்லப்பட்ட வேலையிடம் என்று இருந்தது நார்த்மீட் முதியோர் இல்லம். அதிகாரிகள் அங்கே போய், வருகைப் புத்தகத்தில் அவன் பெயரைக் கண்டிருக்கிறார்கள். சிஸ்டர் கலா லதீசுக்காக வழக்கறிஞரிடம் போனவர். அந்தத் தாளை வாசித்தவர். அன்றைக்குக் கண்ணாடி போட்டிருந்தார்.

மண்டபத்தில் கேட்ட யாரும் அந்த இல்லத்தின் பெயரைச் சொல்லியிருக்க முடியாது. அதைத் தெரிந்தவர்கள் என் மேசையில் சாப்பிட்டவர்கள். தாளை வாசித்த அடுத்த நாளே சிஸ்டர் கௌரிசங்கரைப் பிடித்து, தேவாலயக் கார்த் தரிப்பிடத்தில் வைத்துக் கேட்டிருக்கிறார். இவர் அழுதாராம். "நீர்தான் அவவுக்குச் சொல்லவேணும், சங்கர். நான் சொல்லமாட்டன்" என்றாராம் சிஸ்டர்.

"அதுக்குப் பிறகு?"

"ஒவ்வொரு கிழமையும் கேப்பா, சொல்லிட்டீரோ எண்டு. பிறகு கேக்கிறதை விட்டிட்டா."

"இப்ப ஏன் சொல்லுறீர்?" எங்கள் கலியாண வாழ்க்கையில் முதல்தடவையாக அவரை நீங்கள் என்காமல் நீர் என்று சொன்னேன்.

"தெரியேல்லை" என்றார். இனிக் கேட்பதற்கு ஆள் இல்லை என்பதால்தான் அவருக்குச் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

சிஸ்டர் கலா பாதிரியார் இல்லை. பாவசங்கீர்த்தனத்தின் இரகசியம் அவரைக் கட்டாது. அவர் வாய்மூடி இருந்தது சட்டத்தால் இல்லை. அவராக எடுத்த முடிவு. என் குடும்பம் உடையக்கூடாது என்று நினைத்திருப்பார். அந்தப் பெண் யாரோடு தேநீர் குடிப்பாள் என்று கேட்டாரே. அது எனக்காகக் கேட்ட கேள்வி. கேட்டவர் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். நான் என்ன பதில் சொல்லுவேன் என்று ஒருமுறை பார்த்திருக்கலாம். என் துண்டால் இல்லை என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். வேறு ஒன்றும் வேண்டாம், பெயர்கூட வேண்டாம். அந்த ஒரு வசனத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டு எனக்குப் பிஸ்கட் தந்தார்.

அடுத்த நாள் லதீசுக்குப் போன் எடுத்தேன். பின்னால் இரும்பு விழுகிற சத்தம்.

"தம்பி, ஒண்டு சொல்லவேணும். அங்கிள்தான்..."

"தெரியும் அன்ரி."

"என்ன தெரியும்?"

"தாள் என்ர கையிலதானே இருந்தது. எனக்கும் வாசிக்கத் தெரியும்." சிரித்தான். பிறகு, "நான்தான் சிஸ்டரிட்டச் சொன்னனான், அன்ரிக்குச் சொல்லாதேங்கோ எண்டு. உங்கட கையால சாப்பிட்டனான். அந்த வீட்டை ஏன் நான் உடைக்கவேணும்?"

"நிரஞ்சினி?"

கடையில் யாருக்கோ ஏதோ விலை சொன்னான்.

"நிரஞ்சினியை நீங்கள் ரெண்டுபேரும் யோசிச்சனிங்களோ, இல்லையோ?"

"யோசிச்சம் அன்ரி" என்றான் மெல்ல. "சனம் கொஞ்ச நாளில மறந்திடும் எண்டு சிஸ்டர் சொன்னவ."

சனம் மறக்காது என்று அவருக்குத் தெரியாதா? முகாம் கடிகாரத்தில் ஆறு நிமிடப் பிழையைக் கண்டுபிடித்தவர் அவர். எனக்கு ஒரு வீடு மிஞ்ச வேண்டும் என்று மூன்று பேர் கூடி முடிவெடுத்தார்கள். நிரஞ்சினிக்கு அதில் பங்கு கேட்கப்படவில்லை.

சனிக்கிழமை அவளுடைய கடைக்குப் போனேன். முன்பு சனிக்கிழமை என்றால் வாசல்வரை ஆள் நிற்கும். அன்று மூன்று பேர். ஒருத்தி சாய்கதிரையில் கண்ணை மூடிக் கிடந்தாள். நிரஞ்சினி பல்லில் நூலைக் கடித்தபடி அவளுடைய புருவத்துக்குமேல் குனிந்திருந்தாள். மற்ற இரண்டு பேரும் செவ்வாய்க்கிழமை ஆட்கள் இல்லை, தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருத்தியை எனக்குத் தெரியும், ஸ்ருதி. எங்கள் தெருவில் இருக்கிறாள்.

நிரஞ்சினி என்னைக் கண்டாள். நூலை விடவில்லை. அந்தப் புருவத்தை முடித்து, பவுடர் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"என்ன, வழி தவறி வந்திட்டீங்களோ அக்கா?"

"உம்மோட கொஞ்சம் கதைக்கவேணும். உள்ளுக்குப் போவமா?"

"உள்ளுக்கு என்ன? இஞ்சயே சொல்லுங்கோ. என்னைப் பற்றிக் கதைச்சதெல்லாம் வெளியிலதானே கதைச்சனிங்கள்."

மெல்லிய குரலில் சொன்னேன். லதீஸ் விசயத்தில் நீர் இல்லை என்று இப்போதுதான் தெரியும், என்னை மன்னியும் என்று.

"கேக்கேல்லை" என்றாள்.

"நிரஞ்சினி..."

"கேக்கேல்லை அக்கா. நீங்கள் மூண்டு வருசமாச் சத்தமில்லாமல்தான் செய்தனிங்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போறதுக்குச் சத்தம் தேவையில்லை. இதுக்குத் தேவை. இவைக்கும் கேக்கவேணும்."

ஸ்ருதி எழும்பப் பார்த்தாள். "நான் அப்புறமா வர்றேன்."

"இருங்கோ" என்றாள் நிரஞ்சினி. "நீங்கதான் முக்கியம். நாளைக்கு நாலு பேருக்குச் சொல்லுவீங்க."

சொன்னேன். லதீசைக் காட்டிக்கொடுத்தது நிரஞ்சினி இல்லை என்று சொன்னேன். யார் என்று அவள் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"எங்கட மனுசன்" என்றேன். "கௌரிசங்கர். சிஸ்டர் கலாவுக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லேல்லை."

ஸ்ருதி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். நிரஞ்சினியின் முகத்தில் நான் எதிர்பார்த்த ஒன்றும் வரவில்லை. கோபம்கூட இல்லை.

"சிஸ்டருக்குத் தெரியுமோ?" என்றாள். "என்ர மகள் கோயில்ல முதல்நன்மை எடுக்கேக்க சட்டை தைச்சுத் தந்தவ. போன வருசம். இந்தக் கதிரையில வந்திருந்து அளவெடுத்தவ."

அவள் நூல்கட்டையை எடுத்து அடுத்த இழையை இழுத்தாள். அறுத்துவிட்டு மறுபடி இழுத்தாள்.

"சரி அக்கா, போயிட்டு வாங்கோ" என்றாள். "அடுத்த ஆள் வாங்கோ."

ஸ்ருதி போய்ச் சாய்கதிரையில் இருந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். அவள் ஸ்ருதியிடம், நெற்றித் தோலை இழுத்துப் பிடிக்கச் சொல்லுவது கேட்டது.